ஒமாஹா ஹை-லோவில் லோ கையை வைத்துப் பந்தயம் கட்டுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒமாஹா ஹை-லோ என்பது, குவிந்த பந்தயப் பணத்தை உயர்ந்த கையும் (ஹை) தாழ்ந்த கையும் (லோ) பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும் போக்கர் ஆட்டம். அந்த மேசையில் பணத்தை விடுகிறவர்களில் பலருக்குச் சீட்டு மோசமாக வருவதில்லை. நன்றாகவே வருகிறது. ஏஸும் 2-ம் கைக்கு வந்த மகிழ்ச்சியில் ஒவ்வொரு சுற்றிலும் ரெய்ஸ் செய்கிறார்கள், அதாவது பந்தயத்தை ஏற்றுகிறார்கள். கடைசியில் லோவை ஜெயித்தும் போட்ட பணத்தைவிடக் குறைவாகவே திரும்ப வாங்குகிறார்கள். ஜெயித்தவன் நட்டப்படும் ஆட்டம் உண்டா என்று புதியவர்கள் வியப்பார்கள். இந்த ஆட்டத்தில் உண்டு. லோ எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் பாதித் தொகைக்கு மேல் உரிமை கோர முடியாது. அதே லோ இன்னொருவரிடமும் இருந்தால் அந்தப் பாதியிலும் பாதிதான் கிடைக்கும். இந்த வழிகாட்டி முழுக்க இந்த ஒரு கணக்கைச் சுற்றியே நகர்கிறது.

ஒமாஹா ஆட்டம் 1980களின் தொடக்கத்தில் லாஸ் வேகாஸின் கோல்டன் நகெட் சூதாட்ட விடுதி வழியாகப் பரவியது. குவியலை ஹைக்கும் லோவுக்கும் பிரித்துக் கொடுக்கும் வடிவம் அமெரிக்கச் சீட்டு அறைகளில் நிலைத்துவிட்டது. வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கரில் 2006-இல் 50,000 டாலர் நுழைவுக் கட்டணத்துடன் தொடங்கிய கலவை ஆட்டப் போட்டியின் ஐந்து ஆட்டங்களில் இதுவும் ஒன்று. அந்த அறைகளில் பரவலாக ஆடப்படும் 4/8 டாலர் லிமிட் மேசையையே இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். முதல் இரண்டு சுற்றுகளில் பந்தயம் 4 டாலர், கடைசி இரண்டில் 8 டாலர். பெரும்பாலான அறைகளில் ஒரு சுற்றில் ஒரு பந்தயமும் மூன்று ரெய்ஸும்தான் அனுமதி. இந்தியாவில் இருந்து படிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்கிறது. கணக்கைக் கற்றுக்கொள்ளத் தடை ஏதுமில்லை.

முதல் படி: லோவைப் பிழையில்லாமல் படியுங்கள்

ஒவ்வொருவருக்கும் நான்கு கைச்சீட்டுகள். நடுவில் ஐந்து பொதுச்சீட்டுகள்: முதலில் மூன்று (ஃப்ளாப்), பிறகு நான்காவது (டர்ன்), கடைசியில் ஐந்தாவது (ரிவர்). கைச்சீட்டு வந்ததும் ஒரு பந்தயச் சுற்று, பிறகு இந்த மூன்றில் ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு சுற்று. கையிலிருந்து சரியாக இரண்டு, நடுவிலிருந்து சரியாக மூன்று என்று எடுத்துத்தான் ஐந்து சீட்டு அமைக்க வேண்டும். ஹைக்கு ஒரு இரட்டையும் லோவுக்கு வேறொரு இரட்டையும் எடுத்துக்கொள்ளலாம். ரம்மியைப் போலவே ஏஸ் இங்கே மேலேயும் நிற்கும், கீழேயும் நிற்கும். லோவுக்குத் தகுதி பெற, 8 அல்லது அதற்குக் கீழே உள்ள ஐந்து வெவ்வேறு எண்கள் வேண்டும். ஸ்ட்ரெய்ட் (தொடர்ச்சியான ஐந்து எண்கள்), ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) அமைந்தால் லோ கெடாது. அதனால் 5-4-3-2-ஏஸ் என்பதே மிகச் சிறந்த லோ. அது ஐந்து சீட்டு ஸ்ட்ரெய்ட்டும்கூட.

ஒப்பிடும்போது பெரிய சீட்டிலிருந்து இறங்கிவர வேண்டும். 8-4-3-2-ஏஸ் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் 7-6-5-4-3 அதை வென்றுவிடும், ஏனென்றால் 7 என்பது 8-ஐவிடச் சிறியது. மற்ற நான்கையும் பார்க்க வேண்டியதே இல்லை.

நடுவில் 8 அல்லது அதற்குக் கீழான மூன்று வெவ்வேறு எண்கள் விழாவிட்டால் யாருக்குமே லோ கிடையாது. ஹை முழுக் குவியலையும் எடுத்துக்கொள்ளும். ஐந்து பொதுச்சீட்டுகளில் அப்படி மூன்று எண்கள் விழும் வாய்ப்பு 60 விழுக்காடு. பத்து ஆட்டத்தில் நான்கில் லோ என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதை ஏஸ்-2 ஆட்டக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இன்னும் கசப்பான ஒரு கணக்கு இருக்கிறது. கையில் ஏஸ்-2-ராஜா-ராணி. நடுவில் 3 முதல் 8 வரையிலான மூன்று வெவ்வேறு எண்கள் வந்து லோ அமையும் வாய்ப்பு 36.5 விழுக்காடு. அதிலும் நடுவில் ஏஸோ 2-ஓ விழாமல், உங்கள் லோ மிகச் சிறந்த லோவாக, அதாவது நட் லோவாக, நிற்கும் வாய்ப்பு வெறும் 24 விழுக்காடு. நான்கு முறை கிடைத்தால் ஒருமுறை கைகொடுக்கிற கை இது. இதை ஏதோ கைக்குக் கிடைத்த காசோலை என்று நினைப்பதுதான் தொல்லையின் தொடக்கம்.

நட் லோ எது என்று அறிய எளிய வழி: நடுவில் இல்லாத சின்ன எண்களில் மிகச் சிறிய இரண்டும் சேர்ந்தால் நட் லோ. நடுவில் 4-6-8 என்றால் ஏஸ்-2. நடுவில் ஏஸ்-4-7 என்றால் 2-3. நடுவில் ஏஸ்-2-6 என்றால் 3-4. ஃப்ளாப் விழுந்த நொடியில் இந்த இரண்டு எண்களைக் கண்டுபிடிக்கும் பழக்கம் வர வேண்டும். டர்னிலும் ரிவரிலும் மறுபடி கண்டுபிடிக்க வேண்டும், ஏனென்றால் அது மாறும்.

எப்படி மாறுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கையில் ஏஸ்-2-ஜாக்கி-9. நடுவில் 3-6-8-ராணி. இப்போது உங்களுடையது 8-6-3-2-ஏஸ், நட் லோ. ரிவரில் 2 விழுகிறது. உங்கள் 2-க்கு ஜோடி வந்துவிட்டதால் உங்கள் லோ அதே 8-6-3-2-ஏஸாகவே நிற்கிறது. ஆனால் ஏஸ்-4 வைத்திருப்பவர் 6-4-3-2-ஏஸுக்குப் போய்விட்டார். ஏஸ்-5 உங்களை வெல்லும், ஏஸ்-7 வெல்லும், 4-5 வெல்லும், 5-7 கூட வெல்லும். ஏஸ்-8 போன்ற குப்பைக் கை உங்களோடு சமன் செய்யும். மேசையின் மேல் ஒரு சீட்டு விழுந்தது, அவ்வளவுதான். நட் லோ கடைசிப் படிக்கு இறங்கிவிட்டது. இதைக் கவுண்டர்ஃபிட் என்பார்கள். இந்த நிலையில் எதிரில் பந்தயம் விழுந்தால் பெரும்பாலும் சீட்டை மடக்கி ஆட்டத்திலிருந்து விலக வேண்டியதுதான்.

இரண்டாம் படி: எந்தக் கையோடு உள்ளே போவது

லோவுக்காக ஆடும் கைகளில் மூன்றாவது சின்ன சீட்டுதான் உயிர். ஏஸ்-2-3 இருந்தால், நடுவில் 2 விழுந்தாலும் ஏஸ்-3 நட் லோ ஆகும். ஏஸ் விழுந்தால் 2-3 ஆகும். ஏஸுடன் அதே சின்னத்தில் இன்னொரு சீட்டு இருந்தால் ஃப்ளஷ் வழியாக ஹைக்கும் ஒரு கதவு திறந்திருக்கும். இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த கையாகப் பலரும் சொல்வது ஏஸ்-ஏஸ்-2-3, அதுவும் இரண்டு ஏஸுகளுக்கும் தனித்தனியே சின்னத் துணையுடன் (அதே சின்னத்தில் இன்னொரு சீட்டுடன்). அது அபூர்வம். ஏஸ்-2-3 உடன் ஏதோ ஒன்று, ஏஸ்-2-4-5, சின்னத் துணையுள்ள ஏஸ்-2-ராஜா போன்றவை அன்றாடம் எதிர்பார்க்கக்கூடியவை.

ஏஸ்-3 வேறு வகை. ஏஸ்-3 உங்களிடம் இருக்கும்போது எதிராளி ஒவ்வொருவரிடமும் ஏஸ்-2 இருக்கும் வாய்ப்பு சுமார் 5.7 விழுக்காடு. ஒன்பது பேர் மேசையில் மற்ற எட்டுப் பேரையும் சேர்த்தால் பத்தில் நான்கு முறை யாரோ ஒருவரிடம் அது இருக்கிறது. சீட்டு வாங்கிய எல்லோரும் ரிவர் வரை வருவதில்லை. ஆனால் ஏஸ்-2 வைத்திருப்பவர் வருவார். அதனால்தான் ஏஸ்-3, நடுவில் 2 விழாதவரை, பெரிய குவியல்களில் தோற்றுக்கொண்டே இருக்கும். கூடவே நல்ல ஹை வாய்ப்பு இல்லாத ஏஸ்-3-ஐ முன் இருக்கைகளில், அதாவது சுற்றில் முதலில் பேச வேண்டிய இடங்களில், நான் தொடுவதில்லை.

2-3-4-5 பார்க்க அழகு. ஆனால் அதற்கு நடுவில் ஏஸ் வந்தாக வேண்டும். வரும் வாய்ப்பு சுமார் 37 விழுக்காடு. கடைசி இருக்கையில், ரெய்ஸ் இல்லாமல், மலிவாக ஃப்ளாப்பைப் பார்க்கலாம். ஏஸ் விழவில்லை என்றால் விட்டுவிட வேண்டும். 6-7-8-9 வகைக் கைகளைப் பற்றி ஒரு வாக்கியம் போதும்: உங்கள் ஸ்ட்ரெய்ட் அமையும் நேரத்தில் நடுவில் பெரும்பாலும் லோ சீட்டுகளும் கூடியிருக்கும், ஆகவே ஜெயித்தாலும் பாதிதான். வேண்டாம்.

மூன்றாம் படி: ஃப்ளாப்புக்கு முன் ரெய்ஸ் செய்வதா?

ஏஸ்-2 வந்தால் ரெய்ஸ் என்று பழகியவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். ஹை வாய்ப்பு எதுவும் இல்லாத வெறும் ஏஸ்-2, உதாரணமாக ஏஸ்-2-9-ஜாக்கி, எல்லாச் சின்னமும் வேறு வேறு, ஒரு பாதியை மட்டுமே குறிவைக்கிறது. பாதியை ஜெயித்து இலாபம் காண வேண்டுமானால் பணம் போடுகிறவர்கள் நிறையப் பேர் வேண்டும். முன் இருக்கையில் இருந்து ரெய்ஸ் செய்தால் அவர்களைத்தான் விரட்டுகிறீர்கள். மிஞ்சுபவர்கள் நல்ல கை வைத்திருப்பவர்கள். அவர்களில் ஒருவரிடம் இன்னொரு ஏஸ்-2 இருந்தால் சொல்லவே வேண்டாம்.

உங்கள் கையில் ஏஸ்-2 இருக்கும்போது மற்றொருவரிடமும் அது இருக்கும் வாய்ப்பு தலைக்கு 4.4 விழுக்காடு. எட்டு எதிராளிகளில் ஒருவரிடமாவது இருக்கும் வாய்ப்பு சுமார் மூன்றில் ஒன்று. இந்த மூன்றில் ஒன்று என்ற எண் பின்னால் ரிவரில் மறுபடி வரும்.

ஆகவே என் பழக்கம் இது. முன் இருக்கையில் வெறும் ஏஸ்-2 என்றால் கால் மட்டும், அதாவது ஏற்றாமல் இருக்கும் பந்தயத்துக்கு ஈடான பணத்தை மட்டும் போடுவது. பின் இருக்கையில், நான்கைந்து பேர் ஏற்கெனவே கால் செய்து உள்ளே வந்திருந்தால் ரெய்ஸ், ஏனென்றால் ஒரு பந்தயம் போட்டவர் இன்னொன்றும் போடுவார், எவரும் ஓட மாட்டார். ஏஸ்-2-3 உடன் ஏஸுக்குச் சின்னத் துணை இருந்தால் எந்த இருக்கையிலும் ரெய்ஸ் செய்யலாம். அது இரண்டு பக்கமும் வெல்லக்கூடிய கை, அதாவது ஸ்கூப் அடிக்கக்கூடிய கை.

நான்காம் படி: ஃப்ளாப்

ஃப்ளாப்பில் எத்தனை சின்ன சீட்டு விழுந்தது என்பதை வைத்துத்தான் முடிவு.

ஒன்று மட்டும் விழுந்தால், உதாரணமாக ராஜா-ராணி-5, லோவுக்கு டர்னும் ரிவரும் இரண்டுமே சரியாக வர வேண்டும். வெறும் ஏஸ்-2 வைத்திருப்பவருக்கு லோ அமையும் வாய்ப்பு 16 விழுக்காடு. கிடைப்பதோ பாதி. ஒரு பந்தயத்துக்குக்கூட இது தகாது. இந்த இடத்தில் "ஏஸ்-2 இருக்கிறதே, இன்னொன்று பார்க்கலாம்" என்று போடப்படும் 4 டாலர்கள்தான் ஆண்டு முடிவில் பெரிய தொகையாகக் கூடுகின்றன.

இரண்டு விழுந்தால், உதாரணமாக 5-7-ராஜா, ஆட்டம் உயிர்ப்புடன் இருக்கிறது. மற்ற இரண்டு கைச்சீட்டுகளும் பெரியவை என்று வைத்துக்கொண்டால், 3, 4, 6, 8 என்று 16 சீட்டுகள் உதவும். ரிவருக்குள் அவற்றில் ஒன்றாவது வரும் வாய்ப்பு 59 விழுக்காடு. நடுவில் ஏஸும் 2-ம் விழாமல் நட் லோவாகவே நிற்கும் வாய்ப்பு 49 விழுக்காடு. அதே ஃப்ளாப்பில் கையில் ஏஸ்-2-3 இருந்தால் உதவும் சீட்டுகள் 21 ஆகின்றன, லோ அமையும் வாய்ப்பு 72 விழுக்காடு. மூன்றாவது சின்ன சீட்டு உயிர் என்று சொன்னதன் விலை இந்த வித்தியாசம்தான். இங்கே 4 டாலர் பந்தயத்துக்கு, மூன்று நான்கு பேர் இருக்கும் குவியலில், தயங்காமல் கால் செய்யலாம். ரெய்ஸ் செய்ய, ஃப்ளஷ் டிராவோ (இன்னும் ஒரு சீட்டு வந்தால் ஃப்ளஷ் ஆகும் நிலை) ராஜாவின் ஜோடியோ ஏதாவது ஹைப் பக்கப் பிடிமானம் இருக்க வேண்டும்.

மூன்று விழுந்தால், நட் லோ ஃப்ளாப்பிலேயே அமைந்துவிடும். இந்த இடத்தில்தான் பலர் நிலைதடுமாறுகிறார்கள். நடுவில் 4-6-8, கையில் ஏஸ்-2-9-ஜாக்கி. இன்று நட் லோ. ஆனால் டர்னிலோ ரிவரிலோ ஏஸ் அல்லது 2 விழும் வாய்ப்பு 25 விழுக்காடு. ஹையில் உங்களுக்கு எதுவும் இல்லை. 5-7 வைத்திருப்பவரிடம் ஸ்ட்ரெய்ட் இருக்கிறது. இங்கே நீங்கள் ரெய்ஸ் செய்தால் பின்னால் இருக்கும் ஏஸ்-3, 2-3 ஆட்டக்காரர்கள் மடக்குவார்கள். அவர்கள் போடுகிற பணத்தில்தான் உங்களுக்கு இலாபமே. அவர்களை ஏன் அனுப்ப வேண்டும்? முன்னால் யாராவது பந்தயம் கட்டினால் அமைதியாகக் கால் செய்து கூடவே போங்கள்.

இப்போது கையை மாற்றிப் பாருங்கள். கையில் ஏஸ்-2-4-5, நடுவில் 3-6-8. இதுவும் நட் லோதான். ஆனால் 7 வந்தால் 4-5 ஸ்ட்ரெய்ட் ஆகும். 2 வந்தால் 4-5 நட் ஸ்ட்ரெய்ட், கூடவே லோவுக்கு ஏஸ்-4 நட் லோ. 4 வந்தால் 2-5 ஸ்ட்ரெய்ட், 5 வந்தால் 2-4 ஸ்ட்ரெய்ட். இரண்டு நிலையிலும் ஏஸ்-2 லோ அசையாது. ஏஸ் வந்தால்கூட 2-4 புதிய நட் லோவாகிவிடும். ஸ்ட்ரெய்ட் தரும் சீட்டுகள் மொத்தம் 13. ரிவருக்குள் அவற்றில் ஒன்று வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி. 7 வரும்போது அமைகிற ஸ்ட்ரெய்ட்டுக்கு மேல் வேறு ஸ்ட்ரெய்ட் இருக்கலாம் என்பது உண்மை. இருந்தாலும் இந்தக் கையோடு ஃப்ளாப்பிலேயே பந்தயம் கட்டுங்கள், ரெய்ஸ் செய்யுங்கள், மறுபடி ரெய்ஸ் வந்தால் அதற்கும் மேலே போங்கள். முந்தைய கைக்கும் இதற்கும் லோவில் இன்றைய தேதிக்கு வித்தியாசமே இல்லை. பந்தயம் கட்டுவதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஐந்தாம் படி: டர்னில் விலை இரட்டிப்பாகிறது

டர்னில் பந்தயம் 8 டாலர். வெறும் ஏஸ்-2 லோ டிராவோடு நிற்பவர் இங்கே கணக்கைப் போட்டே ஆக வேண்டும். தெரியாத 44 சீட்டுகளில் 16 உதவும், அதாவது பதினொன்றில் நான்கு. கிடைப்பது பாதிக் குவியல். ரிவரில் வரக்கூடிய கூடுதல் பணத்தை ஒதுக்கிவைத்துக் கணக்கிட்டால், எதிராளி கட்டிய 8 டாலரையும் சேர்த்துக் குவியலில் 36 டாலர் இருந்தால்தான் உங்கள் 8 டாலருக்கு ஈடாகும். லோவை இன்னொருவரோடு பகிர வேண்டியிருந்தால் அதே கணக்கு 80 டாலர் கேட்கும்.

நான்கு பேர் ஃப்ளாப்பைப் பார்த்த சாதாரண 4/8 மேசையில் டர்ன் பந்தயம் விழும்போது 36 டாலர் எளிதாகச் சேர்ந்திருக்கும். 80 டாலர், ஃப்ளாப்பில் ரெய்ஸ்கள் பறந்திருந்தால்தான் சேரும். ஆகவே கேள்வி இப்படி மாறுகிறது: கூட ஆடுகிறவர்களில் ஏஸ்-2 இன்னொருவரிடம் இருப்பதாகத் தோன்றுகிறதா? ஃப்ளாப்புக்கு முன் கால் மட்டும் செய்து, இரண்டு சின்ன சீட்டு விழுந்த ஃப்ளாப்பிலும் கால் மட்டும் செய்து, டர்னிலும் வாய்திறக்காமல் சில்லுகளைத் தள்ளுகிற ஆள் ஒருவர் இருந்தால், அவர் பெரும்பாலும் உங்களைப் போலவே காத்திருக்கிறார். பெரிய கை உள்ளவன் சத்தம் போடுவான். லோவுக்குக் காத்திருப்பவன்தான் இப்படி அடக்கமாக இருப்பான்.

டர்னில் இன்னொரு சிக்கல், இரண்டு ஹைக் கைகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்வது. உங்கள் இடதுபுறத்தவர் ரெய்ஸ் செய்கிறார், வலதுபுறத்தவர் மறுபடி ரெய்ஸ் செய்கிறார். 8 டாலர் என்று நினைத்த டர்ன் 32 டாலரில் முடிகிறது. லோ இன்னும் அமையாத நிலையில் இதில் சிக்கினால் மீள்வது கடினம். ஃப்ளாப்பில் இருவரும் ஒருவரையொருவர் சீண்டியதைப் பார்த்திருந்தால், டர்னின் முதல் 8 டாலரைப் போடும் முன்பே நான்கு மடங்கு விலையை மனத்தில் வைத்து முடிவெடுங்கள்.

ஆறாம் படி: ரிவர், நான்கில் ஒரு பங்கு

இப்போது இந்த வழிகாட்டியின் நடுமையத்துக்கு வருகிறோம். கையில் நட் லோ, ஹையில் ஒன்றுமில்லை. ரிவரில் ரெய்ஸ் செய்யலாமா?

மூன்று பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று கொள்வோம். ஒவ்வொரு ரெய்ஸுக்கும் தலைக்கு 8 டாலர், மொத்தம் 24 டாலர் கூடுகிறது. அதில் லோவின் பாதி 12. லோ உங்களிடம் மட்டும் இருந்தால் 8 போட்டு 12 எடுக்கிறீர்கள், 4 டாலர் இலாபம். இன்னொருவரோடு பகிர்ந்தால் 8 போட்டு 6 எடுக்கிறீர்கள், 2 டாலர் நட்டம். இதைத்தான் குவார்ட்டர் ஆவது என்கிறார்கள். நான்கு பேர் என்றால் கூடும் 32 டாலரில் பாதி 16. தனியாக இருந்தால் 8 இலாபம், பகிர்ந்தால் போட்டது அப்படியே திரும்பி வரும். ஐந்து பேர் என்றால் பகிர்ந்தாலும் 2 டாலர் இலாபம். மூன்று பேர் லோவைப் பகிர்ந்துகொள்வதும் நடக்கும், ஆனால் அரிது.

"வெறும் நட் லோவோடு ரெய்ஸ் செய்யாதே" என்ற அறிவுரை எல்லாப் பக்கமும் கேட்கிறது. மூன்று பேர் கணக்கை நேர்மையாகப் பார்த்தால் அது முழு உண்மை இல்லை. 4 டாலர் இலாபத்தையும் 2 டாலர் நட்டத்தையும் நிறுத்துப் பாருங்கள். இன்னொருவரிடம் அதே லோ இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டைத் தாண்டினால்தான் ரெய்ஸ் நட்டம். சீட்டுப் போட்டபோது அந்த வாய்ப்பு மூன்றில் ஒன்றாக இருந்தது. ஆட்டம் போன விதத்தைப் பார்த்து அந்த எண்ணை நீங்கள் ஏற்றவோ இறக்கவோ வேண்டும். ஃப்ளாப்பில் இருந்தே மூன்றாமவர் ஃப்ளஷ்ஷைத் துரத்துவதுபோல ஆடியிருந்தால் இறக்குங்கள். முன்பு சொன்ன அடக்கமான ஆள் அவர் என்றால் ஏற்றுங்கள்.

இதில் இருக்கை பெரிய பங்கு வகிக்கிறது. முதலாமவர் பந்தயம் கட்டுகிறார், நீங்கள் நடுவில், மூன்றாமவர் இன்னும் பேசவில்லை. நீங்கள் ரெய்ஸ் செய்தால் மூன்றாமவர் 16 டாலர் போட வேண்டும். மடக்கிவிடுவார். பிறகு நீங்களும் ஹைக்காரரும் மட்டும். போட்டதைப் போட்டபடியே இருவரும் எடுத்துக்கொள்வீர்கள். ரெய்ஸ் செய்ததால் கிடைத்தது ஒன்றுமில்லை. கால் மட்டும் செய்திருந்தால் மூன்றாமவரின் 8 டாலரில் பாதி உங்களுக்கு வந்திருக்கும். ஆகவே நடு இருக்கையில் கால், இருவரும் பணம் போட்ட பிறகு கடைசியாகப் பேசும் இருக்கையில் ரெய்ஸ். என் பார்வையில், ரிவரில் வெறும் லோவுக்கு இதைவிடப் பயனுள்ள விதி வேறில்லை.

கால் செய்வதைப் பற்றிக் குழப்பம் வேண்டாம். குவார்ட்டர் ஆகப் போகிறோம் என்று தெரிந்தாலும், ஏற்கெனவே 120 டாலர் சேர்ந்த குவியலில் கடைசி 8 டாலரை மடக்குவது முட்டாள்தனம். மூவரும் ரிவரில் 8 போட்டு 144 ஆனால் நான்கில் ஒரு பங்கு 36 டாலர். நான் சொல்லும் எச்சரிக்கை எல்லாம் புதிதாகக் கூடும் பணத்துக்குத்தான், கிடக்கும் பணத்துக்கு அல்ல.

எதிரில் ஒருவர் மட்டும் மிஞ்சியிருந்தால் கணக்கு வேறு திசையில் போகிறது. உங்களிடம் நட் லோவும் ஒரு சாதாரண ஜோடியும் இருக்கிறது, எதிராளி ஹைக்காக மட்டும் ஆடுகிறார் என்று நம்புகிறீர்கள். பந்தயம் கட்டுங்கள். அவர் கால் செய்தால் உங்கள் பணம் பாதிப் பங்காக உங்களிடமே திரும்பும். மடக்கினால் முழுக் குவியலும் உங்களுடையது. உங்கள் ஜோடியே ஹையையும் ஜெயித்துவிடும் நேரமும் உண்டு. இழப்பதற்கு ஒரே வழி, அவரிடமும் அதே லோ இருந்து ஹையும் அவருடையதாக இருப்பது. அப்போது ஒவ்வொரு 8 டாலருக்கும் 4 டாலர் நட்டம்.

லோ அமையாமல் போன ரிவரில் செய்ய வேண்டியது குறைவு. மேசையில் லோவுக்காக வந்தவர்கள் எல்லோரும் மடக்குவார்கள், நீங்களும் மடக்குங்கள்.

பாட்-லிமிட் மேசையில் என்ன மாறுகிறது

பாட்-லிமிட்டில் குவியலில் உள்ள அளவுக்குப் பந்தயம் கட்டலாம். இங்கே வெறும் நட் லோ ஆபத்தான பொருள். எண்களையே பார்ப்போம். ஃப்ளாப்பில் குவியல் 30 டாலர், எதிரில் ஒருவர் மட்டும். அவர் ஃப்ளாப்பில் 30, டர்னில் 90, ரிவரில் 270 என்று முழுக் குவியல் அளவுக்குக் கட்டிக்கொண்டே போகிறார். நீங்கள் கால் செய்துகொண்டே போகிறீர்கள். உங்கள் பங்கு 390 டாலர், குவியல் 810. லோவைத் தனியாக ஜெயித்தால் 405 வருகிறது, இலாபம் 15 டாலர். குவார்ட்டர் ஆனால் 202 டாலர் 50 சென்ட் வருகிறது, நட்டம் 187 டாலர் 50 சென்ட்.

ஜெயித்தால் 15, தவறினால் 187. அவரிடமும் ஏஸ்-2 இருந்து ஹையும் அவருடையதாக இருக்கும் வாய்ப்பு 7.4 விழுக்காட்டைத் தாண்டினாலே நீங்கள் நட்டத்தில் இருக்கிறீர்கள். இத்தனைக்கும் நடுவில் ஏஸோ 2-ஓ விழுந்து உங்கள் லோ கெடுவதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. மூன்று சின்ன சீட்டு விழுந்த ஃப்ளாப்பில் மூன்று முறை முழுப் பந்தயம் கட்டுகிறவரிடம் அந்த வாய்ப்பு 7 விழுக்காடுதான் என்று நம்ப எனக்கு மனம் வராது. ஆகவே பாட்-லிமிட்டில் மூன்றாவது சின்ன சீட்டும் ஹை வாய்ப்பும் இல்லாத ஏஸ்-2-ஐ, ஒருவருக்கு எதிராகப் பெரிய பந்தயம் விழும்போது ஃப்ளாப்பிலேயே விட்டுவிடத் தெரிய வேண்டும். லிமிட் மேசையில் இருந்து வருகிறவர்களுக்கு நட் லோவை மடக்குவது முதலில் கை கூசும்.

மறுபுறம், நட் லோவோடு நல்ல ஹை டிராவும் உள்ள கையை வைத்து நீங்களே இந்த முறையில் கட்டினால், எதிரில் வெறும் ஏஸ்-2 வைத்திருப்பவரை அதே பொறியில் தள்ளுகிறீர்கள்.

கடைசிப் படி: சீட்டைக் காட்டுவது

ரிவர் பந்தயம் முடிந்ததும் நான்கு சீட்டுகளையும் மேசையில் திறந்து வையுங்கள். வாயால் சொன்னதைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்தே முடிவு செய்வது அமெரிக்க அறைகளின் வழக்கம். லோவை மட்டும் எண்ணி ஆடியவர்கள் ஏஸ்-2-ஐ மட்டும் நீட்டிவிட்டு மற்ற இரண்டையும் கவிழ்த்தே வைத்திருப்பார்கள். எல்லா ஃப்ளஷ்ஷும் தவறிப்போன குவியலில் அந்த இரண்டில் இருக்கும் ஒரு 6, நடுவில் உள்ள 6-உடன் சேர்ந்து ஹையை ஜெயித்திருக்கலாம். ஏஸ் இரண்டு பக்கமும் உதவும் என்பதையும் அவசரத்தில் மறப்பதுண்டு. குவியலைச் சரிபாதியாகப் பிரிக்கும்போது மிஞ்சும் ஒற்றைச் சில்லு ஹைக்குப் போகும், அதில் வாதிட இடமில்லை. உங்கள் பங்கு குறைவாக வந்ததாகத் தோன்றினால், டீலர் சீட்டுகளை அள்ளிக் கலைப்பதற்கு முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். கலைந்த பிறகு எந்த அறையிலும் உங்கள் லோவை யாரும் தேடித் தர மாட்டார்கள்.